வழுக்கிய சாவி

ஒரு காரில் திருடனுக்குப் பயந்து சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட்டு போட்டிருந்தார்கள். நான்குக்கும் ஒரே சாவி. அது டிக்கியில் கிடக்கும்.

முன்சக்கரம் ஒன்றின் பூட்டு நட்டு ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தது. போன முறை டயர் கடையில் மெஷினை வைத்து அவசரமாக முடுக்கியதில் அதன் தலையிலிருந்த பள்ளங்கள் மழுங்கிவிட்டன.

இப்போது அந்தச் சக்கரம்தான் பஞ்சர். வீட்டு வாசலில் வைத்துக் காரின் சொந்தக்காரர் தாமோதரன் சாவியைப் பொருத்தித் திருப்பினார். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"என் பல்லு எதிலயும் மாட்டலையே. உனக்கு ஏதாவது ஆச்சா?" என்று கேட்டது சாவி.

"எனக்கென்ன? உன் பல்லுதான் தேஞ்சிருக்கு" என்றது நட்டு.

தாமோதரனும் அப்படித்தான் நினைத்தார். "தண்டச் சாவி" என்று அதைக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

பிறகு அவர் நட்டைக் கவ்வும் குழல் போன்ற ஒரு பழைய சாக்கெட்டை அந்த நட்டின் தலையில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினார். கம்பியை மாட்டி மிதித்தார். நட்டு கிறீச்சிட்டுக் கழன்று, சாக்கெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வந்தது.

மற்ற சக்கரங்களிலும் இதே பாடுதானோ என்று பயந்து, சாவியைத் தேடி எடுத்துப் பின்சக்கரத்தில் போட்டுப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. லேசாகத் திருப்பியதும் அந்த நட்டு இளகியது.

"அடடா, இது நல்லாத்தானே இருக்கு" என்று சாவியைத் துடைத்து, சாக்கெட்டின் பக்கத்தில் வைத்தார்.

"ரொம்ப வலிச்சுதா?" என்று நட்டிடம் கேட்டது சாவி.

நட்டின் மழுங்கிய முகம் சாக்கெட்டுக்குள் புதைந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் என்னை விட்டுடாதே" என்று அது சாக்கெட்டிடம் மெல்லக் கெஞ்சியது.