பூட்டிய வீட்டில் ஆயிரத்து நானூறு

பிஷ்கெக்கில் அக்டோபரிலேயே ஜன்னல் இடுக்குகளைக் காகிதப் பட்டை ஒட்டி அடைத்துவிடுவோம். காற்று தேங்கித் தலை வலிக்கும். அதற்காகவே என் கணவர் குபானிச் கரியமில வாயு அளக்கும் கருவி வாங்கி மாட்டினார். அது காட்டும் எண் கைபேசியிலும் தெரியும்; மூச்சு விட ஆளில்லாவிட்டால் நானூற்றைம்பதில் நிற்கும்.

ஜனவரியில் மூன்று நாள் ஊரில் தங்கிவிட்டு மதியம் திரும்பினோம். கீழே முற்றத்தில் நின்று கைபேசியில் எண்ணைப் பார்த்தேன். ஆயிரத்து நானூறு.

"நாம ரெண்டு பேரும் தூங்கினாத்தாங்க இவ்வளவு ஏறும்."

"உன் தம்பி வந்து படுத்திருப்பான், சோம்பேறி."

"சாவி ரெண்டும் என் பையில இருக்கு."

எண் மளமளவென்று அறுநூற்றுக்கு இறங்கியது. நிமிர்ந்தோம். நான்காம் மாடியில் எங்கள் ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

ஓடி ஏறினோம். கதவு பூட்டியிருந்தது. உள்ளே யாருமில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது, காகிதப் பட்டை கிழியாமல் ஒட்டியிருந்தது.

தொட்டேன். பசை ஈரமாக இருந்தது.