விருந்தாளிச் சோறு

ஒரே ஒரு வசவில் ஒருத்தனுக்கு எம்.ஏ. பட்டம் வாங்கிக் கொடுத்த பெண்மணி இந்த உலகத்திலேயே ஒருத்திதான். அவள் என் மனைவி முனிலட்சுமி.

சிரிக்க வேண்டாம். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அன்றைக்கு அடித்துச் சாதித்தவளும் அவள்தான்.

பட்டம் வாங்க வேண்டியவன் ஜெபின். மார்த்தாண்டத்துக்காரன். எங்கள் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் தங்கியிருந்தான். அவன் படித்த படிப்பின் பெயர் கிறிஸ்தவ அருட்பணியும் பண்பாடுகளுக்கு இடையிலான ஆய்வும். தேன்கனிக்கோட்டையில் பஸ் ஏறி அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், ஓசூர் வந்துவிடும், பெயர் முடிந்திருக்காது.

பரீட்சை எல்லாம் எழுதிவிட்டான். பாக்கி ஒன்றுதான். வேறு மொழியும் வேறு சாமியும் உள்ள ஒரு வீட்டில் போய் இருக்க வேண்டும். பிரசங்கம் கூடாது. அந்த வீட்டுப் பேச்சைப் பேசி, அந்த வீட்டு வேலையைச் செய்து, அங்கே ஒருத்தனாக ஆக வேண்டும். ஆகிவிட்டானா என்று பேராசிரியர் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார். இன்னும் விருந்தாளியாகவே இருந்தால் பெயில்.

இதை வீட்டுக்காரர்களிடம் சொல்லக் கூடாதாம். பேராசிரியர் வந்த அன்று அவன் தனக்காக ஒரு வார்த்தை பேசவும் கூடாதாம். எங்களுக்கு இதெல்லாம் அப்புறம்தான் தெரியும். ஜெபினுடைய வாத்தியார் வருகிறார், அவ்வளவுதான் எங்களுக்குச் சேதி.

கல்லாவிப் பக்கம் ஒரு வீட்டில் இருந்து ஏற்கெனவே பெயிலானவன். இதுவும் போனால் கல்லூரி கொடுத்த கெடு முடிந்தது, படித்ததெல்லாம் மண். பட்டம் இல்லாமல் ஊருக்கு வராதே என்று சபையில் சொல்லிவிட்டார்கள். வாத்தியார் வருகிற அன்று காலை சாணி அள்ளும்போதே வாந்தி எடுத்தான்.

நாங்கள் அதைப் பசி என்று எடுத்துக்கொண்டோம்.

விடுவோமா? பக்கத்து வீட்டு நாராயணப்பன் சால்வையோடு வந்துவிட்டான். நான் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேய்த்த தேய்ப்பில், காட்டு யானை வந்தால் அதில் முகம் பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டு போகலாம். முனிலட்சுமி கோழி அடித்து, நெல்லுச்சோறு வடித்தாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. வீட்டு ஆட்களுக்குக் களி, வந்தவர்களுக்குச் சோறு. வந்த நாளிலிருந்து எங்களோடு உட்கார்ந்து களியை உருட்டி விழுங்கியவன் ஜெபின். அன்றைக்கு அவன் முன்னால் வாழை இலை விழுந்தது. இலையில் சோறு விழுந்தது. தோளில் சால்வை விழுந்தது.

எதிரே உட்கார்ந்து பேராசிரியர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் களி போடு அத்தை என்று தெலுங்கில் முனகினான். எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான். வாத்தியார் முன்னால் களியா? அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அவன் என்னைப் பார்த்தான். கிணற்றில் விழுந்தவன் மேலே நிற்கிறவனைப் பார்ப்பது மாதிரி.

நான் நெய் ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்துக் கன்றுக்குட்டி அவிழ்ந்து, நாராயணப்பனின் கொத்தமல்லிப் பாத்திக்குள் இறங்கிவிட்டது.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் முனிலட்சுமி. சிப்காட்டில் பிரஸ் மிஷின் பக்கத்திலேயே நின்று ரிட்டையரான காது என்னுடையது. அந்தக் காதே ஙொய் என்று அடைத்துக்கொண்டது. ஒரு கன்றுக்குட்டியைக் கட்டத் துப்பில்லை, இதில் உனக்குத் தோளில் சால்வை ஒரு கேடா என்று தெலுங்கில் பிடித்துக்கொண்டாள். அவனைப் பெற்றவளையும் விடவில்லை. அதன் பிறகு வந்ததை எழுதினால் காகிதம் பொத்துக்கொள்ளும்.

ஜெபின் எச்சில் கையோடு எழுந்து ஓடினான். ஓடிக்கொண்டே திருப்பிக் கத்தினான், அதே தெலுங்கில். பால் கறந்துவிட்டுக் கட்டாமல் வந்தது நீ, பழி மட்டும் எனக்கா என்று.

பேராசிரியருக்குத் தெலுங்கு தெரியாது. என்ன விஷயம் என்றார்.

இலையில் உட்கார்ந்த விருந்தாளியைத் திட்டியது வெளியே தெரிந்தால் ஊருக்கு மானம் ஏது? பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாரே என்று வருத்தப்படுகிறாள் சார் என்றேன் நான். நாராயணப்பன் என்னை மிஞ்சினான். தம்பி ஓடுகிற அழகைப் பாராட்டுகிறார்கள் என்றான், தன் கொத்தமல்லி போவதைப் பார்த்துக்கொண்டே.

பேராசிரியர் எங்களை நம்பவில்லை. திட்டினீர்களா அம்மா என்று நேராக அவளிடமே கேட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயோ, வீடு தேடி வந்த பிள்ளையை யாராவது திட்டுவார்களா, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சாமி படத்தைக் கைகாட்டினாள்.

அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். கன்றை இழுத்துக்கொண்டு வந்தவனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“உன்னை ரொம்ப மரியாதையா வச்சிருக்காங்க, ஜெபின்.”

அவன் கயிற்றை விடாமல் அப்படியே வாசலில் உட்கார்ந்தான். சால்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். சத்தமே இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

திட்டியதற்குத்தான் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டாள் முனிலட்சுமி. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“பொய் என்னாத்துக்கு சார். திட்னது நெசந்தான். இவன் மட்டும் சும்மா இருந்தானா, கேளுங்க. வாய்க்கு வாய் பேசுனான்.”