யார் முதலில் கூப்பிடுவது

புண்ணுக்குள் இருந்த கிருமிகளுக்கு ஒரு வழக்கம். "நானிருக்கேன்!" என்று ஒவ்வொன்றும் குரல் கொடுக்கும், குரல்கள் பெருகியதும் உடம்பின்மேல் ஒன்றாகப் பாயும். தனியாக மாட்டினால் வெள்ளையணு விழுங்கிவிடும்.

ஒருநாள் யாரோ சீனத்து வேரை அரைத்துப் பூசினார்கள். ஒரு கிருமிகூடச் சாகவில்லை, எல்லோருக்கும் காதுதான் அடைத்துப்போனது. மூக்கன் என்ற கிருமி தொண்டை கிழியக் கத்தினான். பதிலே இல்லை.

"கூடவே தின்ன பயலுக! ஒருத்தனாவது வாயைத் திறந்தானா?" என்று கறுவினான்.

சாறு காய்ந்து காது திறந்தது. பக்கத்தில் செவலை என்ற கிருமி மூச்சுவிடுவது மூக்கனுக்குக் கேட்டது. கூப்பிட நாக்கு துடித்தது. "அவன் முதல்ல கூப்பிடட்டும். எனக்கென்ன தலையெழுத்தா?" என்று அடக்கிக்கொண்டான்.

வெள்ளையணு வந்து செவலையைக் கவ்வியது. "அன்னிக்கு அத்தனை கத்தினேன், ஒருத்தனும் வரலையே!" என்று அலறினான் செவலை.

"புளுகுறான் பாரு," என்றான் மூக்கன்.

வெள்ளையணு அவன் பக்கம் திரும்பியது.