காதுக்குள் இடி
சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டில்வரை நீண்டு கிடக்கிறது. குழந்தை பிறந்ததிலிருந்து அணைந்தே நிற்கும் பெரிய ட்யூப் ஆம்ப்ளிஃபையரின் மேல் குட்டிச் சட்டைகள் காய்கின்றன. கட்டில் விளிம்பில் தாய்க்காரி எலெக்ட்ரிக் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறாள். காலடியில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு டிஜிட்டல் பெட்டி. அந்தப் பெரிய ஆம்பின் குரலில் பேசத் தெரிந்த பெட்டி அது. கிட்டாரின் வயர் அதற்குள் போகிறது; அதிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்கும் இன்னொன்று ஹெட்ஃபோனுக்கும் போகிறது. அவளோடு ஒரே குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன், கதவருகே நின்று முகம் சுளித்துக் கிசுகிசுக்கிறான். "போயும் போயும் இந்தப் பொம்மையிலயா நம்ம ஆல்பத்துக்கு ரெக்கார்ட் பண்ற? ட்யூபு சூடாகி, வீடே அதிர்ற மாதிரி அலறணும். அப்பதாம்மா கிட்டாருக்கு உசிரு." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதையே கொஞ்சம் சத்தமா சொல்லேன், பாப்போம்." அண்ணன் வாயைத் திறக்கிறான், தொட்டிலைப் பார்க்கிறான், மூடிக்கொள்கிறான். அவள் ஹெட்ஃபோனை மாட்டுகிறாள். வெறுங்காலின் பெருவிரலால் பெட்டியின் சத்தம் கூட்டும் குமிழைக் கடைசிவரை தள்ளிவிட்டு, கம்பிகளை ஓங்கி அடிக்கிறாள். அறையில் கம்பி உரசும் டிக் டிக் சத்தம் மட்டும் கேட்கிறது. அவள் காதுக்குள் இடி இடிக்கிறது. தொட்டிலில் மகள் புரண்டுகூடப் படுக்கவில்லை.