உட்கார்ந்த இடத்தில் வருமானம்

“வசந்தி, இன்னையிலேர்ந்து ஸ்கூட்டர் தினவாடகைய நூறுலேர்ந்து நூத்தம்பதா ஏத்தப் போறேன்!”

மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அறிவித்தான் தங்கதுரை.

“சிஜு பாவம்ங்க. அவரும் உங்கள மாதிரி சாப்பாடு டெலிவரி பண்ணித்தான பொழைக்காரு?”

“பிசினஸ்ல பாவம் பாக்கக் கூடாது, ஏட்டி. இதுக்குப் பேரு பாசிவ் இன்கம். நான் இங்க கால நீட்டிக் கெடக்கேன், வண்டி அங்க சம்பாதிக்கி. அடுத்து ரெண்டு வண்டி வாங்குதோம். நீதான் முதலாளியம்மா!”

கோபமாக இருந்த வசந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போன மாதம் ஸ்கூட்டரோடு விழுந்து கால் ஒடிந்தபோது, கூட வேலை பார்ப்பவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். “நான் பிச்சையா கேட்டேன்?” என்று திருப்பியனுப்பிவிட்டான் இந்த ரோஷக்காரன். மறுநாளே சிஜு வந்தான். “சேட்டா, என் பைக் கேடாயிப் போச்சு. உங்க ஸ்கூட்டர தினவாடகைக்குத் தருமோ? ரிப்பேர் நான் பாத்துக்கறேன்.”

அன்று முதல் வாடகைதான் வீட்டில் அடுப்பெரித்தது.

சாயங்காலம் வந்த சிஜு, புது வாடகையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். “சரி சேட்டா.”

கட்டுப் பிரித்த அன்றே, முதலாளி மிடுக்கோடு ஆட்டோவில் போய் மட்டாஞ்சேரி பிரியாணிக் கடை வாசலில் இறங்கினான் தங்கதுரை. ஆர்டருக்காகக் காத்திருந்த கூட்டத்தில், சிஜு தன் சொந்த பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

“லே, என் ஸ்கூட்டர் எங்க?”

கூட வேலை பார்க்கும் நிகில் கடைக்குப் பின்னால் கை காட்டினான்.

தார்ப்பாய்க்கு அடியில், விழுந்த அன்று வளைந்த முன்சக்கரத்தோடு அப்படியே நின்றது ஸ்கூட்டர். கால் வைக்கும் இடத்தில் ஒரு பூனை, நாலு குட்டிகளோடு சொகுசாகப் படுத்திருந்தது.

“இது ஓடவே இல்லியா! அப்போ தெனமும் வந்த வாடகை?”

“ஆளுக்குப் பத்து ரூபா சேட்டா,” என்றான் நிகில். “பதினஞ்சு பேரு. சும்மா தந்தா நீங்க வாங்க மாட்டீங்களே!”

தங்கதுரைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சிஜுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அதொண்ணும் சாரமில்ல, விடுங்க சேட்டா,” என்றான் சிஜு. “நீங்க வாடகைய ஏத்தினப்போதான், உங்க முகமே பாக்காத அஞ்சு பேர கலூர்லேர்ந்து கூடச் சேக்க வேண்டி வந்துச்சு!”