அறுபத்தைந்து வாட்ஸ்

"அறுபத்தஞ்சு வாட்ஸ் தாங்குற மதர்போர்டும்மா இது. இதுல தொண்ணூத்தஞ்சு வாட்ஸ் பிராசசரை உட்கார வெச்சா, சூடாகி அணையாம என்ன பண்ணும்?"

"உட்கார வெச்சது யாரு, நானா? ஸ்க்ரூ டிரைவரும் கையுமா வந்தது நீதானே?"

"உங்க பையன் வேகம் வேணும்னு கேட்டாரு, போட்டேன். போர்டு தாங்காதுன்னு அன்னிக்கே சொன்னேன்."

"வயித்துக்குள்ள கத்திரிக்கோலை வெச்சுத் தைச்சுட்டு, டாக்டர் இப்படிச் சொன்னா விட்டுடுவாங்களா?"

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரிக்கும் அந்த வீட்டு அம்மாளுக்கும் வாராவாரம் நடக்கிற இந்த வாய்ச்சண்டைக்காகவே, எதிர்வீட்டில் துணி மடிக்கும் வேலையை ஜன்னலோரம் வைத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரனான மகனோ வீடியோ எடிட்டர். ஹெட்போனை மாட்டிவிட்டால் வீடு இடிந்தாலும் திரும்பமாட்டான். ஊமைக்கோட்டான் என்று தெருவே பெயர் வைத்திருந்தது.

சர்வீஸ்காரி செட்டிங்ஸைத் திறந்தாள். பிராசசர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்ற இடத்தில், போன வாரம் அறுபத்தைந்து என்று கட்டிப்போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். இப்போது அங்கே மறுபடி தொண்ணூற்றைந்து.

அது தானாக ஏறாது. யாரோ ஏற்றியிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அம்மாளுக்கு மவுஸைத் தொடவே பயமாம். வேலை செய்பவளின் முதுகுக்குப் பின்னால் நின்று நொட்டை சொல்வதோடு சரி. அப்படியானால்?

ஓரக்கண்ணால் எடிட்டரைப் பார்த்தாள். வாய் வராத மனிதனுக்கு விரல் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பாஸ்வேர்டு போட்டிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவள் போடவில்லை. ஏன் போடவில்லை என்று நாம் கேட்கக் கூடாது. அடுத்த வாரத்திலிருந்து அவள் கண்ணில் மை ஏறியதை மட்டும் எதிர்வீட்டில் குறித்துக்கொண்டார்கள்.

இப்படியே போனால் போர்டு ஒருநாள் கருகிவிடும். வாயைத் திறந்து கேட்டுவிடுவதுதான் சரி என்று ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தாள். அவள் தொண்டையைச் செருமுவதற்குள் அவனே ஹெட்போனைக் கழற்றினான்.

"அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். கூட வேலை பாக்குற பொண்ணு. முடிஞ்சதும் அவ ஊருக்கே போயிடறோம். இந்தக் கம்ப்யூட்டர் அம்மாவுக்கு இருக்கட்டும்."

"நல்ல விஷயம்தான் சார்," என்றாள். ஸ்க்ரூ ஒன்று கைதவறிக் கட்டிலுக்கடியில் உருண்டது. குனிந்தவள் அதைத் தேடி எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

சொன்னபடியே கல்யாணம் முடிந்து எடிட்டர் மனைவியோடு ஊர் மாறிப் போனான். அவன் போன பிறகு கடைசியாக ஒருமுறை அறுபத்தைந்தில் கட்டிப்போட்டுவிட்டு வந்ததோடு சரி, இனி அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றிருந்தாள் சர்வீஸ்காரி. பத்து நாள்கூட ஆகவில்லை, போன் வந்தது.

"ஏம்மா, மறுபடி அணைஞ்சிடுச்சு. என்ன லட்சணத்துல வேலை பாத்துட்டுப் போனே?"

மை இல்லாத கண்ணோடு போனாள். போர்டைத் தொட்டுப் பார்த்தாள், சூடே இல்லை. செட்டிங்ஸைத் திறந்தாள். தொண்ணூற்றைந்து.

மெதுவாகத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், அம்மாள் நின்றிருந்தாள்.

"என்னடி முறைக்கறே? பெத்த புள்ள 'ம்'முக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டான். எத்தனை வருஷம்தான் நான் சுவரோட சண்டை போடறது?" என்றவள், இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். "மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு, கடையை இங்கேயே போட்டுக்கோ. அந்த போர்டாவது பொழச்சுப் போகட்டும்."