நல்லவராக ஓர் ஆட்டம்

இந்தக் காலத்தில் கொள்ளையடிப்பதுகூட ஜனங்களுக்கு விளையாட்டாகிவிட்டது என்று பொருமினார் பெரியவர். டிவியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த மகள், ஒரு கடைக்காரனை அடித்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பொம்மைதானேப்பா!"

"பொம்மைன்னா அடிச்சிடலாமா? மனசு கெட்டுப் போகும்டி."

"அப்ப நீங்க நல்லவரா ஆடுங்க, பாப்போம்."

பெரியவர் ஆட்டத்துக்குள் கார் ஓட்டினார். சாலையோரத்தில் ஒரு பெண் ரத்தத்தில் கிடந்தாள்.

"நிறுத்தவா, போகவான்னு கேக்குதுப்பா."

"போகச் சொல்லு. நிறுத்தினா போலீசு, கோர்ட்டுன்னு எவன் அலையுறது?"

மகள் சிரிக்கவில்லை. "அம்மா அடிபட்டுக் கிடந்தப்ப நிறுத்தாமப் போனவங்களும் இப்படித்தானே நினைச்சிருப்பாங்க? இன்னிக்கு வரைக்கும் அவங்களச் சபிக்கிறீங்களேப்பா."

பெரியவருக்கு முகம் சுண்டிப்போனது.

"அது நெசம்டி. இது பொம்மைதானே" என்று முனகியபடி, அவளைப் பார்க்காமலே வெளியே நடந்தார்.